அண்ணையின் போனில் இருந்த புள்ளிகள்

கேதீஸ்வரிக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. சோறு கொதிக்கும்போதே முற்றம் கூட்டுவாள். கூட்டுகிற கையோடு இடுப்பில் செருகிய போனை எடுத்துப் பார்ப்பாள். பார்த்ததும் விளக்குமாற்றை மதிலில் சாத்திவிட்டு உள்ளே ஓடுவாள். உள்ளே ஒரு மேசை, அதில் மூடி வெடித்த ஒரு லப்டொப், அதோடு கேபிளால் கட்டுண்டு கிடக்கும் யாரோ ஒருவருடைய போன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கட்டளை அடிப்பாள். அது ஏதோ மறுமொழி சொல்லும். அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள், கீழே ஒரு வரியும் இருக்கும்: "ரீச்சர், இது என்ன சொல்லுது?"

என் பெயர் சீலா. உடுவிலில் ஒரு மிஷன் குடும்பத்தில் பிறந்து, பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க வந்து, கேதீஸின் வளவுக்கு அடுத்த வளவில் வாடகைக்கு இருக்கிறேன். சீலா என்பது இந்தக் கரையில் ஒரு மீனின் பெயர் என்பதை வந்த முதல் கிழமையே சொல்லித் தந்துவிட்டார்கள். பல்லுள்ள மீன். குணத்துக்கேற்ற பெயர் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குத் தெரியும், சொல்லட்டும்.

கேதீஸ் அனுப்பும் வாக்கியங்களை நான் வாசித்துச் சொல்வேன், அவ்வளவுதான் என் பங்கு. இலக்கணம் திறமாக இருக்கும், பொருள்தான் ஒருவருக்கும் விளங்காது. "ஏதாவதொரு கருவிக்காகக் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டு நிற்கும். போன் கண்முன்னால் கிடக்கிறது, கேபிள் குத்தியிருக்கிறது, இது யாருக்காகக் காத்திருக்கிறது? எனக்கு அந்த லப்டொப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல் இருக்கும். கேதீஸ் கோபப்படமாட்டாள். அவளுடைய கால்தான் மேசைக்குக் கீழே நிற்காமல் ஆடும்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கனடாவில் இருக்கும் சின்னம்மாவின் மகள் ஒரு போன் கொடுத்துவிட்டாள். இங்கே வந்து சேரும் வெளிநாட்டுப் போன்கள் பெட்டியோடு வருவதில்லை. கொண்டுவருகிறவருடைய சூட்கேஸ் நிறை கூடிவிடும் என்று பெட்டியை அங்கேயே எறிந்துவிட்டு, போனை ஒரு சோக்ஸுக்குள் திணித்து அனுப்புவார்கள். மொடல் இலக்கம் முழுதாக அச்சடித்திருப்பது அந்தப் பெட்டியில்தான். கேதீஸ் வீடியோ பார்த்து அந்தப் போனை றூட் பண்ணப் போனாள். றூட் பண்ணுவதென்றால், போனைச் செய்தவன் தன் கையில் வைத்திருக்கிற அதிகாரத்தைப் பிடுங்கி நாங்கள் எடுப்பது. இது அவள் எனக்குச் சொன்ன விளக்கம். ஒரே பெயரில் வேறு மொடல். இந்தியாவில் விற்கும் மொடலுக்குரிய கோப்பைக் கனடாப் போனில் ஏற்றிவிட்டாள், போன் செத்துப்போனது. நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டி எழுப்பினாள். எழுப்பி முடிந்தபோது அந்த நாலு மாதத்தில் படித்தது அவள் கையில் இருந்தது. கொடிகாமத்து மரக்கறி வியாபாரி ஒருவருடைய போன் பஸ்ஸில் பிஸ்கற் ரின்னுக்குள் வந்து இறங்கும் அளவுக்குப் பெயரும் எடுத்துவிட்டாள்.

ஒரேயொரு பிழை அவளைச் சுட்டிருந்தது. கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா போன் கொண்டுவந்தார். போனின் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பது கேதீஸுக்கு அப்போது தெரியாது. திறந்தாள். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்கள் முழுவதும் போயின. அந்த அம்மா ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, கதிரையில் இருந்து சத்தமில்லாமல் அழுதுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேதீஸ் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். எந்தப் போனைத் தொட்டாலும் முதலில் உள்ளே இருப்பதற்கு இரண்டு கொப்பி. ஒன்று லப்டொப்பில், மற்றது ஒரு மெமரி காட்டில். அதற்குப் பிறகுதான் மிச்சக் கதை.

இனி அவளுடைய அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயதீபன், நாற்பத்தைந்து வயது, அப்பா நாகலிங்கத்தின் வள்ளத்தை இப்போது ஓட்டுகிறவன். இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மகன் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படித்தான் ஜெயதீபன் இரண்டு ஒழுங்கை தள்ளிப் போனான், கேதீஸின் கணவன் பிரவீணன் இந்த வீட்டுக்கு வந்தான். ஆனால் ஒன்று மட்டும் மகளுக்குப் போகாது. அதுதான் புள்ளிகள். கடலுக்கடியில் மீன் ஒதுங்கும் கல்லுப்பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் இடக்குறிப்புகள். முன்பு தலைக்குள் இருந்தவை, இப்போது போனில் இருக்கும் வரைபடச் செயலியில் இலக்கங்களாக இருக்கின்றன. மகளுக்குச் சொன்னால் அது மருமகனின் வள்ளத்துக்குப் போய்விடும் என்பது கணக்கு. பிரவீணனும் தனி வள்ளம் ஓட்டுகிறவன்தான்.

நாகலிங்கத்தார் படுக்கையில் விழுந்தபோது கேதீஸ்தான் பார்த்தாள். கழுவித் துடைத்தது, மருந்து பருக்கியது எல்லாம் அவள். ஆனால் பின்னேரம் நாலு மணிக்கு ஜெயதீபன் வந்து அறைக்கதவைச் சாத்துவான். அப்பா ஒவ்வொரு பாராகச் சொல்ல, அவன் போனில் பதிந்துகொள்வான். இவள் மல்லிக்கோப்பி கொண்டு உள்ளே போனால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கோப்பையை வைத்துவிட்டு அவள் வெளியே வந்து கதவு சாத்தியதும் கதை தொடரும். இதை அவள் என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. "எங்கடை வழக்கம் அப்பிடித்தான் ரீச்சர்" என்றுதான் சொன்னாள். கேட்ட எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆன நேரத்தில் ஜெயதீபனின் போன் நின்றுபோனது. அந்தப் போனை முன்பு றூட் பண்ணிக் கொடுத்தவளும் கேதீஸ்தான். "அப்டேட் எண்டு ஏதும் கேட்டால் அமத்தக் கூடாது அண்ணை" என்று பத்துத்தரம் சொல்லியும் கொடுத்தாள். றூட் பண்ணிய போனுக்கு அந்த அப்டேட் நஞ்சு. ஒரு நாள் கரையில் வலை இறக்கிக்கொண்டிருந்த ஈரக்கையோடு அவன் அதை அமத்திவிட்டான். அதற்குப் பிறகு போன் கம்பனியின் பெயரைக் காட்டும், அணையும், திரும்பவும் பெயரைக் காட்டும். பட்டணத்தில் மூன்று கடை ஏறி இறங்கினான். மூன்று கடையிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: முழுக்க அழித்தால் போன் வேலை செய்யும். புள்ளிகளுக்கு வேறு கொப்பி இல்லை. கடதாசியில் எழுதினால் யாரும் வாசித்துவிடுவார்கள், இன்ரநெற்றில் ஏற்றினால் யாரும் எடுத்துவிடுவார்கள் என்று அவன் ஒன்றுமே செய்து வைக்கவில்லை. நாகலிங்கத்தார் நாற்பது வருடமாகக் கடலில் தேடிக் கண்டதெல்லாம் அந்த ஒரு போனுக்குள் கிடந்தது.

வேறு வழியில்லாமல் தங்கச்சியிடம் கொண்டுவந்தான். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை. "எடுக்கேக்கை நான் பக்கத்திலை நிப்பன். நான் இல்லாமல் ஒண்டும் திறக்கக் கூடாது."

"தொடர்பு எடுத்துப் பாக்கிறன் அண்ணை. உங்களைக் கூப்பிட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போவன்" என்றாள் அவள்.

அந்தத் தொடர்புதான் கிடைக்கவில்லை. லப்டொப் "காத்திருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் நாள் கேபிளை மாற்றினாள், ஏழு கேபிள். அதில் நாலு சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு கடத்தாது என்று கண்டுபிடித்ததுதான் அன்றைய இலாபம். இரண்டாம் நாள் லப்டொப்பில் போனுக்கான மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டாள். அப்போது ஒரு கணம் போனை அடையாளம் காட்டும் இலக்கம் திரையில் வந்தது. அவள் கட்டளையை அடித்து முடிக்க முன் மறைந்துவிட்டது. மதியம் சோறு அடிப்பிடித்தது. பின்னேரம் என் வீட்டு மதிலால் எட்டிப் பார்த்து, "ரீச்சர், போன் பழுதோ, என்ரை லப்டொப் பழுதோ, இல்லாட்டி நானோ?" என்று கேட்டாள். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. கண் சிவந்திருந்தது.

ஜெயதீபன் மனைவியின் போனில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அழைத்தான். "என்ன மாதிரி?" "இன்னும் இல்லை அண்ணை." அவ்வளவுதான் பேச்சு. அவன் மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை என்று கரையில் சொன்னார்கள். போய் எங்கே வலை போடுவது?

மூன்றாம் நாள் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் இன்ரநெற்றில் தன் கவலையை எழுதி வைத்த பக்கமொன்றை நான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். புதிய லப்டொப்புகளில் கேபிள் குத்தும் வேகமான துளைகளில் சில போன்கள் இப்படித்தான் பிடி கொடுக்காமல் நழுவுமாம், நடுவில் பழைய மெதுவான பெட்டி ஒன்றை வைத்துப் பார் என்று எழுதியிருந்தான். கேதீஸ் அலுமாரிக்கு மேலே ஏறி, பழுதான பிறின்ரரோடு வந்த நாலு துளைப் பெட்டியொன்றைத் தூசி தட்டி எடுத்தாள். குத்தினாள். இலக்கம் வந்தது. நாங்கள் இருவரும் திரையையே பார்த்தோம், அது மறையவில்லை. அவள் உடனே அண்ணைக்கு அழைத்தாள்.

அவன் வந்தான். பிரவீணன் வெளியே பூவரசுக்குக் கீழே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஜெயதீபன் உள்ளே வந்ததும் ஜன்னலைச் சாத்தினான். பிரவீணனுக்கு அது கேட்டிருக்கும், தலை நிமிர்த்தவில்லை.

போனின் வழமையான வாசல் அடைபட்டதால் பின்வாசல் ஒன்றை ஏற்றினாள் கேதீஸ். முன்பு றூட் பண்ணியபோதே பூட்டைத் திறந்திருந்ததால் எதுவும் அழியாமல் அது ஏறியது. ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் குழப்பி எழுதப்பட்டிருக்கும், இரகசிய இலக்கத்தைக் கொடுத்தால்தான் தெளியும். அந்த இலக்கத்தைப் போனின் திரையிலேயே தொட்டுக் கொடுக்கலாம். ஆனால் திரை ஒருமுறை உடைந்து மலிவான ஒன்று மாற்றியதால் பின்வாசலில் தொடுகை வேலை செய்யவில்லை. லப்டொப்பில் கட்டளையோடு சேர்த்து அடிக்க வேண்டும், அடிப்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திரையில் வரும்.

"இலக்கத்தைச் சொல்லுங்கோ, அடிக்கிறன்."

"நான் அடிக்கிறன். நீங்கள் ரண்டு பேரும் அங்காலை திரும்புங்கோ."

நான் எம்.ஏ. படித்தவள், பதினைந்து வருட ஆசிரியை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கேதீஸும் நின்றாள். பின்னால் அவன் ஒற்றை விரலால் இடித்தான். பிழை என்று வந்தது. திரும்பவும் இடித்தான், திரும்பவும் பிழை. மூன்றாம் முறை அவன் குரல் உடைந்துவிட்டது.

"இதுதான் இலக்கம். இதுதான் பிள்ளை. ஏன் எடுக்குதில்லை?"

"எந்தப் பக்கத்து இலக்கத்திலை அடிக்கிறீங்கள்? வலப்பக்கத்து இலக்கக் கட்டையளிலோ?"

"ஓம்."

அவள் திரும்பவில்லை. முகத்தைக் கலண்டரிலேயே வைத்துக்கொண்டு கையை மட்டும் பின்னுக்கு நீட்டி, விசைப்பலகையைத் தடவி, ஒரு கட்டையை அமத்தினாள். அந்தப் பக்கத்து இலக்கங்கள் பூட்டுண்டு கிடந்திருக்கின்றன. விசைப்பலகையையே பார்த்து அடித்தவனுக்குத் திரையில் ஒன்றும் விழாதது தெரியவில்லை. "இப்ப அடியுங்கோ" என்றாள். அடித்தான். தெளிந்தது.

புள்ளிகள் இருந்த கோப்பு லப்டொப்பில் இறங்கத் தொடங்கியதும் ஜெயதீபனின் வேர்வை மேசையில் சொட்டியது. பாதியில் கேபிள் அசைந்து தொடர்பு அறுந்தது, கேதீஸ் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை தொடங்கினாள். முழுக்க இறங்கியது. திறந்து பார்க்கவில்லை. போனில் இருந்ததன் அளவும் லப்டொப்பில் இருப்பதன் அளவும் ஒன்றா என்று மட்டும் பார்த்தாள். ஜெயதீபன் "அப்பாடா" என்று எழும்பி, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அவன் வாளியைக் கிணற்றில் விட்ட சத்தம் கேட்டது. கேதீஸ் மேசை லாச்சியைத் திறந்து மெமரி காட்டை எடுத்துக் குத்தினாள். கொப்பி பண்ணினாள். எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கனடாவில் இருந்து வந்த புதுப் போனில் கோப்பை ஏற்றச் சொன்னான். அந்த வரைபடச் செயலியைப் புதுப் போனில் போட்டு ஏற்றினாள். பட்டியல் வந்ததும் போனைப் பறிக்காத குறையாக வாங்கி, நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான். முகம் மலர்ந்தது.

"எத்தினை இருக்கு எண்டு பாருங்கோ அண்ணை. எல்லாம் வந்திருக்கோ?"

"எத்தினை எண்டது உனக்கு என்னத்துக்கு? எல்லாம் இருக்கு. லப்டொப்பிலை கிடக்கிறதை இப்ப அழி."

அழித்தாள். குப்பைக்கூடையிலும் அழித்தாள். அவன் குனிந்து நின்று பார்த்தான். பழைய போனையும் வாங்கிக்கொண்டு போனான். படலையடியில் நின்று, "பெரிய உதவி செய்தனி பிள்ளை" என்றான். அவள் தலையாட்டினாள். கை பொத்தியபடியே இருந்தது.

அவன் போனதும் கேட்டேன். "கேதீஸ், ஏன் அதை வைச்சிருக்கிறீர்?"

"பழக்கத்திலை எடுத்திட்டன் ரீச்சர்."

"எடுத்தது பழக்கம். அவர் அழிக்கச் சொல்லேக்கை ஏன் சொல்லேல்லை?"

"எனக்கே தெரியேல்லை" என்றாள்.

பிறகு வந்த நாட்களில் அந்தக் காட் ஓரிடத்தில் கிடக்கவில்லை. அது நகத்தளவுதான். முதலில் தையல் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த நாள் அரிசி வாளிக்குள். பிறகு சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்து, அது சரியில்லை என்று எடுத்துத் தேயிலைப் பேணிக்குள் போட்டாள். வேலைக்கு வந்த போன்கள் மேசையில் தேங்கின. ஒரு கட்டளை அடிக்க இருப்பாள், எழும்பிப் போய்ப் பேணியைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். "அழிச்சுப்போடும்" என்று சொன்னேன். "ஓம், அழிக்கத்தான் வேணும்" என்றாள். அழிக்கவில்லை. "அப்ப பிரவீணனிட்டைக் குடும்" என்றேன், எரிச்சலில். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிரவீணன் அந்த நாட்களில் ஒவ்வொரு விடியலும் வள்ளம் தள்ளினான், பத்து மணிக்கு வெறுங்கையோடு வந்தான். சில நாள் கறிக்கு நாலு மீன். ஒன்றும் சொல்லமாட்டான், கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட இருப்பான். கேதீஸ் சோறு போடும்போது கரண்டி கோப்பையில் தட்டுப்படும் சத்தம் என் குசினி வரைக்கும் கேட்கும். வீட்டுக்குள் இருந்த தேயிலைப் பேணியில் நாகலிங்கத்தாரின் பார்கள் முழுவதும் கிடந்தன. பொய் சொல்லக் கூடாது என்று எங்கள் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதைப் பற்றி ஒன்றும் படிப்பிக்கவில்லை, அதனால் நானும் அவளோடு சேர்ந்து அதைச் செய்துகொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் நான் அவள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஜெயதீபன் வந்தான். வந்தவன் நேரே விஷயத்துக்கு வரவில்லை. கிணற்றுத் தண்ணி உவர்க்குதோ என்று கேட்டான். தென்னையைச் சுற்றிப் பார்த்தான். மேசையடியில் கதிரையை இழுத்து இருந்துகொண்டு லப்டொப்பின் வெடித்த மூடியை விரலால் தடவினான்.

"கேதீஸ், கொம்பியூட்டரிலை அழிச்சால் அழிஞ்சதுதானோ? இல்லாட்டி எங்கையாவது கிடக்குமோ?"

அவளுடைய ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "ஏன் அண்ணை?"

மெல்ல மெல்லச் சொன்னான். முதல் கிழமை கிட்டக்கடலில் சில பார்களுக்குப் போனான், எல்லாம் சரியாக இருந்தது. நேற்றுத் தூரக்கடலுக்குப் போய்ப் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்திருக்கிறான். ஐம்பதோடு முடிந்துவிட்டது. பழைய போனில் இருந்தது துறைமுகத்தில் யாரோ ஏற்றிக்கொடுத்த, வரையறை இல்லாத செயலி. புதுப் போனில் போட்டது இலவசமானது, ஐம்பதுக்கு மேல் எடுக்காது. அன்றைக்கே எண்ணிக்கையைச் சொல்லியிருந்தால் கேதீஸ் ஒரு நொடியில் பிடித்திருப்பாள்.

"கோப்பு உங்கடை போனிலை இருக்குமே, நான் ஏத்தினனான்."

"அதை அண்டைக்கே அழிச்சிட்டன். ஆரும் எடுத்துப்போடுவினம் எண்டு."

"பழைய போன்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "கடலுக்கை எறிஞ்சிட்டன்."

என் தேத்தண்ணி ஆறிப்போனது. இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வழி இருந்தது, எனக்கே தெரிந்த வழி. அழிந்த கோப்பை மீட்டெடுக்கிற மென்பொருள் இருக்கிறது. "ஒரு நாள் தாங்கோ அண்ணை, லப்டொப்பிலை தேடிப் பாக்கிறன்" என்று சொன்னால் போதும். நாளைக்கு அழைத்து, "கிடைச்சிட்டுது" என்று சொல்லலாம். அண்ணைக்குப் புள்ளியும் கிடைக்கும், தங்கச்சியும் மிஞ்சுவாள். நான் அவளையே பார்த்தேன். சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் கத்தினேன்.

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். பேணி திறக்கிற சத்தம் கேட்டது. வந்து, காட்டைத் தன் சட்டையில் துடைத்து, அவன் முன்னால் வைத்தாள்.

"எல்லாம் இதிலை இருக்கு. எனக்கு இனி ஒரு நாளும் இதை வைச்சிருக்க ஏலாது அண்ணை."

அவன் அதைத் தொடவில்லை. "எப்ப எடுத்தனி?"

"நீங்கள் முகம் கழுவப் போனனீங்கள், அப்ப."

"பிரவீணனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியாதாம்" என்றான் என்னைப் பார்த்து. நான் "தெரியாது, சத்தியமாத் தெரியாது" என்றேன். அவன் என் சொல்லை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிரவீணன் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான், கையில் காலி மீன்பெட்டி. ஜெயதீபன் காட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினான்.

"மச்சான், என்ரை புள்ளியளிலை எத்தினைக்குப் போனனி?"

"எந்தப் புள்ளி?" என்றான் பிரவீணன்.

ஜெயதீபன் அவன் முகத்தைப் பார்த்தான், காலிப் பெட்டியைப் பார்த்தான். பொய் இல்லை என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் திரும்பித் தங்கச்சியைப் பார்த்து, "நீ எடுத்தது எடுத்ததுதானே" என்றான். தேத்தண்ணி குடிக்கவில்லை. போய்விட்டான்.

பிரவீணன் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்தான். கேதீஸ் ஒன்றையும் மறைக்காமல் நின்ற நிலையில் எல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றான். உப்புப் பூத்த கைகளை ஒன்றோடொன்று தேய்த்தான்.

"பதினொரு நாளோ?"

"ஓம்."

"நான் டீசல் எரிச்சுப் போய்ச் சும்மா வந்த இந்தப் பதினொரு நாளும் வீட்டுக்கை இருந்ததோ?"

"ஓம்."

"அவனுக்கு நீ கள்ளி ஆயிட்டாய். எனக்கும் தரேல்லை. அப்ப ஆருக்காக வைச்சிருந்தனி?"

நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"எனக்காக" என்றாள் கேதீஸ். குரல் எழும்பவில்லை. "அப்பாவைக் குளிப்பாட்டினது நான். வாயைத் துடைச்சது நான். கதவைச் சாத்திப்போட்டு அண்ணைக்குச் சொன்னவர். அப்பா சொன்னது என்னட்டையும் கொஞ்ச நாள் இருக்கட்டும் எண்டு விருப்பமா இருந்தது. உங்களுக்குத் தந்தால் அது அண்ணையிட்டைக் களவெடுத்த மாதிரி. அழிக்க மனம் வரேல்லை. நான் ஒருக்கால்கூடத் திறக்கேல்லை. ஒரு புள்ளிகூடப் பாக்கேல்லை."

பிரவீணன் சுவரை விட்டு விலகி அவளுக்குக் கிட்ட வந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"பதினொரு நாள் கையிலை இருந்தது" என்றான். "உன்ரை அப்பா சொன்னதுதானே, நீ ஒருக்காலாவது திறந்து பாத்திருக்கலாமே."

அப்போதுதான் அவள் அழுதாள்.